மூன்றாம் ஓலைக்கு எழுந்தவள்

தூத்துக்குடி
6 ஜனவரி 2025

அக்காவுக்கு,

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். தபால் நிலையத்தில் உறை கேட்டதும் அங்கிருந்த அம்மா, "பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுதியளா?" என்று கேட்டார். ஆமாம், பத்து வருஷ அரியர் என்றேன். அவர் சிரித்தார். நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும்.

விஷயம் இதுதான். எட்டு மாதமாக இங்கே ஒரு பண்பலை வானொலியில் இருக்கிறேன். காலை ஆறு முதல் ஒன்பது வரை என் நிகழ்ச்சி. காற்று, அலை, துறைமுகத்துக்கு வந்த கப்பல் எல்லாம் சொல்லிவிட்டு நேயர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். போன வெள்ளிக்கிழமை "வீட்டில் சொல்ல முடியாமல் போன ஒன்று" என்று தலைப்பு வைத்தேன். ஒருவரும் அழைக்கவில்லை. வானொலியில் ஐந்து விநாடி மௌனம் விழுந்தாலே கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் நானே ஆரம்பித்தேன், மேடையில் சிரிப்புக்காக நான் ஆயிரம் தடவை சொன்ன அதே கதையை.

ஆலயத்தில் அக்காவின் கல்யாண அறிவிப்பை மூன்றாவது ஞாயிறாக, மூன்றாம் ஓலையாக, வாசிக்கிறார்கள். "தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று குருவானவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு, வழக்கம்போல அடுத்த காகிதத்தை எடுக்கிறார். தங்கச்சி எழுந்து, "தடை இருக்கு. மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல ஏற்கெனவே கல்யாணம் ஆயிட்டு" என்கிறாள். அவ்வளவுதான் கதை. ஊர் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை.

அப்போது பார்த்து முதல் அழைப்பு வந்தது. "எக்கா, அது நம்ம டிக்சன் அண்ணாச்சி கல்யாணம்லா? அன்னைக்கு நானும் கோயில்ல இருந்தேன்!" நேரலை. நான் இணைப்பைத் துண்டிப்பதற்குள் பெயர் காற்றில் போய்விட்டது.

டிக்சன் இப்போது பழைய டிக்சன் இல்லை. துறைமுகத்தில் சரக்கு ஏஜென்சி வைத்திருக்கிறான். எங்கள் வானொலிக்குப் பெரிய விளம்பரதாரரும் அவன்தான். நான் அலை நிலவரம் வாசித்து முடித்ததும் ஒலிப்பது அவனுடைய விளம்பரம். வக்கீல் நோட்டீஸ் வரும் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். ஆனால் மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஹில்டா


நாசரேத்
11 ஜனவரி 2025

ஹில்டாவுக்கு,

உன் கடிதம் வந்தது. செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. நீ பேசிய அதே வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பத்து வருஷமாக எனக்குப் பழக்கமான மௌனம் அது. நீ ஐந்து விநாடிக்கே பதறுகிறாய்.

உன் எண்ணைத் தடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் போனில் பேசிய ஒவ்வொரு சொல்லும் மறுமாதம் உன் மேடையில் வந்தது. என் குரலிலேயே வந்தது. கடிதத்திலிருந்து குரலை எடுக்க உன்னால் முடியாது. எனவே எழுதலாம். கூப்பிடாதே.

உன் மேடை நிகழ்ச்சியின் வீடியோவை நானும் பார்த்திருக்கிறேன். அதில் அக்கா சித்தியின் மடியில் மயங்கி விழுகிறாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து மூக்கால் பேசுகிறாள்: "ஏளா, இனி நான் எப்படிளா வெளிய தலை காட்டுவேன்?" போன வருஷம் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை நடித்துக் காட்டியதை வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். நன்றாகவே நடித்தாள். என்னைக் கண்டதும் அழுதுவிட்டாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை. உன்னைச் சொல்லாமல் அவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் டிக்சனின் சித்தப்பா இருக்கிறார். அதற்காக நான் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கதையை இனி எங்கும் சொல்லாதே. அது உன் கதை இல்லை.

அம்மா நலம். நீ எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.

ஜெயஷீலா


தூத்துக்குடி
16 ஜனவரி 2025

அக்கா,

என் கதை இல்லையா? அப்படியானால் யார் கதை?

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூர்த் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியும். உனக்கு எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? அணைத்து வைத்திருந்தாய். சென்னையிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி, பல்கூட விளக்காமல் நேரே ஆலயத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தவள் நான். மாமாமார் அடிக்க வந்தது என்னை. அம்மா வீட்டு வாசலை அடைத்தது எனக்கு. அதன்பிறகு இந்தப் பத்து வருஷத்தில் நான் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

அந்தக் கதைதான் எனக்குச் சோறு போட்டது. முதல் இரண்டு வருஷம் சென்னையில் ஒரு காபிக் கடை மாடியில் மைக் பிடித்தேன். பதினான்கு பேர் இருப்பார்கள், அதில் மூன்று பேர் கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்கள். நான் சொன்ன எதற்கும் யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் எரிச்சலில் ஓலைக் கதையைச் சொன்னேன். சிரிப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. முடிந்ததும் நான்கு பெண்கள் படிக்கட்டில் காத்திருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு துபாய், சிங்கப்பூர் என்று போகாத இடமில்லை.

அப்புறம் கம்பெனி விழாக்கள் வந்தன. எதைப் பற்றிப் பேசக்கூடாது என்று முன்கூட்டியே பட்டியல் அனுப்புவார்கள். வருஷத்துக்கு வருஷம் பட்டியல் நீண்டது. கடைசியில் என் உடம்பையும் இல்லாத மாமியாரையும் தவிரக் கேலி செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு ஊரில் என்னைப் பேசவிடாமல் மண்டபத்தையே பூட்டிவிட்டார்கள். போதும் என்று தோன்றியபோதுதான் இந்த வானொலி கூப்பிட்டது.

வந்த முதல் வாரம் அலை நிலவரத்தையும் ஜோக்காகவே வாசித்தேன். திரேஸ்புரத்திலிருந்து ஒரு மீனவர் அழைத்தார். "எம்மா, அலை எவ்வளவுன்னு மொதல்ல சொல்லு. சிரிக்கத கரைக்கு வந்து சிரிச்சிக்கிடுதோம்." அன்றைக்கு எனக்கு நன்றாக உறைத்தது. அதிலிருந்து உண்மையை முதலில் சொல்கிறேன். டிக்சன் விளம்பரம் தருகிறான் என்பதற்காக அதை நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன்.

கோபத்தில் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அன்று நீ மயங்கி விழுந்தாய், நான் நின்றேன். நான் எழுந்திருக்காவிட்டால் இன்று நீ யார் வீட்டில், எப்படி இருந்திருப்பாய்? ஒரு தடவையாவது எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாயா?

ஹில்டா


நாசரேத்
21 ஜனவரி 2025

ஹில்டா,

நான் மயங்கி விழவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்வதாக இல்லை. நன்றி கேட்டதால் சொல்கிறேன்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை பள்ளி அலுவலகத்துக்கு எனக்கு ஒரு போன் வந்தது. இந்துமதி என்று ஒரு பெண், பெங்களூரிலிருந்து. டிக்சனோடு பதிவுத் திருமணம் ஆகி ஒன்றரை வருஷம் என்றாள். அழவில்லை, திட்டவில்லை. "உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் டிக்சனையே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறுக்கக்கூட இல்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போட்ட கையெழுத்தெல்லாம் கல்யாணமா ஜெயா? கோயில்ல நடக்கதுதான் கல்யாணம். பெங்களூர்ல உள்ளதைப் பேசிப் பைசல் பண்ணிக்கிடலாம்" என்றான். வைத்துவிட்டுப் போனை அணைத்தேன். நீ கூப்பிட்டது அதன்பிறகாக இருக்கும்.

அம்மாவிடம் சொன்னால் மாமாமாரைக் கூப்பிடுவாள். மாமாமார் அவன் வீட்டில் போய் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்து, "எல்லாம் சரியாப் போச்சு, நீ மனசுல வச்சுக்கிடாத" என்று என்னிடம் வந்து சொல்வார்கள். எந்த வீட்டுக்குள் சொன்னாலும் என் வாயை அடைத்துவிடுவார்கள். அடைக்க முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தடை உண்டா என்று சபையே கேட்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவளை யார் அதட்ட முடியும்?

ஓலை வாசிக்கிற அன்று கல்யாணப் பெண் வரவேண்டாம் என்று அம்மா முதல் இரண்டு ஞாயிறும் என்னை வீட்டில் வைத்தாள். மூன்றாம் ஓலைக்கு வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்திருந்தேன். குருவானவர் கேட்டார். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். முழங்கால் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து உன் குரல் வந்துவிட்டது.

நான் உட்கார்ந்துவிட்டேன். கடைசி வரிசையிலிருந்த நீ என் தலை கீழே போனதைத்தான் பார்த்திருக்கிறாய்.

அன்றிலிருந்து நான் தங்கச்சி காப்பாற்றிய அக்கா. "பாவம்" என்பது என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இரக்கப்பட்டுத்தான் வந்தார்கள், அந்த இரக்கத்துக்காகவே எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். நீ என்னைக் காப்பாற்றவில்லை ஹில்டா. என் வாழ்க்கையிலேயே நான் துணிந்த ஒரே நேரத்தில் எனக்கு முந்திக்கொண்டாய். பிறகு அதை நான் விழுந்ததாக ஊரெல்லாம் நடித்துக் காட்டினாய். இதற்கு என்ன நன்றி சொல்ல?

ஜெயஷீலா


தூத்துக்குடி
27 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன். மைக்குக்கு முன்னால் ஒருநாளும் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை.

என்னை மன்னித்துவிடு. இதில் கேலி ஒன்றும் இல்லை. நீ எழுந்ததை விழுந்ததாக நான் காட்டிக் கைத்தட்டல் வாங்கித் தின்றிருக்கிறேன். நினைக்க நினைக்கக் கூசுகிறது. வீடியோவை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் பதிவேற்றியவை இருக்கும், அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது இன்னொரு சிக்கல். நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கள் நிலைய உரிமையாளர் சிவப்பிரகாஷ் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நேரலையில் நான் அதை வாசிக்க வேண்டும். "நான் சொன்ன ஓலைக் கதை முழுக்க முழுக்க என் கற்பனை. அப்படி ஒரு சம்பவம் எங்கும் நடக்கவில்லை. திரு. டிக்சன் அவர்களின் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன்." வாசிக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. "வாசிச்சிட்டுப் பாட்டைப் போட்டுரு. ஜனங்க நாளைக்கே மறந்துருவாங்க" என்கிறார். கெட்ட மனிதர் இல்லை, கைக்கு வந்த விளம்பரத்தை விட மனமில்லாதவர்.

பத்து நாளைக்கு முன்பென்றால் அந்தத் தாளை அவர் முன்னாலேயே கிழித்திருப்பேன். இப்போது என் கை எழவில்லை. மறுக்கிற உரிமை யாருக்கு என்று தெரியாமல் நிற்கிறேன். நான் மறுத்தால் மறுபடியும் உனக்கு முந்திக்கொண்டு எழுந்தவள் ஆவேன். வாசித்தால் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று ஆகிவிடும்.

நீ சொல்வதைச் செய்கிறேன். வாசி என்றால் வாசித்துவிட்டு, அதன்பிறகு மைக் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஹில்டா


நாசரேத்
30 ஜனவரி 2025

ஹில்டா,

வாசிக்காதே.

நடக்காத ஒன்றுக்காகவா பத்து வருஷம் என்னைப் "பாவம்" என்றார்கள்? நடக்காத ஒன்றுக்காகவா அம்மா இரண்டு பெண்களில் ஒருத்தியை வீட்டுக்கு வெளியே வைத்தாள்? அவன் மனம் புண்பட்டதாம். இந்துமதி மனத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதா?

நீ மறுக்கவும் வேண்டாம். நான் வருகிறேன்.

திங்கட்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐந்தே கால் பஸ்ஸில் ஏறினால் ஏழு மணிக்குள் வந்துவிடுவேன். உரிமையாளரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. சொன்னால் உட்காரவைத்துக் காபி கொடுத்தே ஏழரையைக் கடத்திவிடுவார்.

காற்றையும் அலையையும் வழக்கமான நேரத்தில் வாசித்துவிடு. கடலுக்குப் போகிறவர்களை நமக்காகக் காக்கவைக்கக் கூடாது. ஏழரைக்கு மைக்கை என் பக்கம் திருப்பு. "என் அக்கா" என்று அறிமுகம் செய்யாதே. ஜெயஷீலா, கணித ஆசிரியை, நாசரேத் என்று சொல், போதும். நான் பேசும்போது இடையில் எதுவும் சொல்லாதே. சிரிக்க வைக்காதே. நான் தடுமாறினாலும், மௌனம் விழுந்தாலும் அப்படியே விடு. உன்னால் பொறுக்க முடியாவிட்டால் வெளியே போய் நில்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நேற்று கரும்பலகையில் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன். இருந்தாலும் வருவேன்.

ஜெயஷீலா


தூத்துக்குடி
5 பிப்ரவரி 2025

அக்கா,

நீ பேசி முடித்துக் கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

நீ பேசியது நான்கு நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் பதினோரு விநாடி மௌனம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சிவப்பிரகாஷ் அண்ணாச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலியை நிறுத்தும் பொத்தானில் கையை வைத்தபடி நின்றதை நீ பார்க்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. ஏன் அண்ணாச்சி என்று பிறகு கேட்டேன். "கேட்டுட்டே இருந்துட்டேன்மா. கை போகல" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, மதியம் என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார். இரண்டையும் ஒரே முகத்தோடு செய்தார்.

ஒன்பது மணிவரை அழைப்பு ஓயவில்லை. திட்டியவர்களும் உண்டு. சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெரியவர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வீம்பு?" என்றார். அதற்கு அடுத்து அழைத்த அம்மா, தன் மகளின் ஓலையை இந்த மாதம் வாசிக்கிறார்கள் என்றார். "சம்மதமான்னு எம் மவகிட்டயே இன்னொரு மட்டம் கேக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். டிக்சன் பக்கமிருந்து இதுவரை சத்தமில்லை. உன்னிடம் அவன் போனில் சொன்னதை நீ அவன் வாய் வார்த்தையாகவே சொன்ன பிறகு, அவனுடைய வக்கீல் வேறு எந்த நோட்டீஸ் எழுதுவார்?

எனக்காக நீ வருத்தப்படாதே. பட மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். நேற்று திரேஸ்புரத்துக்காரர்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். வானொலி போனால் போகட்டும், அலையை யார் சொல்வது என்று கேட்டார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து இன்று காலை முதல் அறிக்கையைப் பேசி அனுப்பினேன். தொள்ளாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். வீட்டு வாடகை கொடுக்க இட்லிக் கடை போட்டாவது இந்த ஊரிலேயே இருப்பேன். என்னை யாரும் சென்னைக்கு விரட்ட முடியாது.

பள்ளியில் உன்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? நான் என்ன செய்யட்டும்? அந்தச் சித்தப்பாவைப் பற்றி என்னிடம் நாற்பது நிமிடத்துக்குச் சரக்கு இருக்கிறது.

ஹில்டா


நாசரேத்
8 பிப்ரவரி 2025

ஹில்டா,

சரக்கை நீயே வைத்துக்கொள்.

உண்மைதான். பள்ளியின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதற்கு எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார்கள். தந்தேன். "நான் பேசியது உண்மை. அதில் பள்ளியின் பெயர் இல்லை." இரண்டே வாக்கியம். போதாது, வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் குழுவின் முன் நேரில் வரவேண்டும் என்றார்கள். பணியிடை நீக்கம் செய்வார்கள் என்று தலைமையாசிரியை காதோடு சொன்னார். செய்யட்டும். கணக்குச் சொல்லித்தரப் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்றில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றை யோசித்தேன். அன்று என்னை உட்காரவைத்தது நீதான் என்று இத்தனை வருஷமும் உன்மேல் பழி போட்டிருந்தேன். நீ பேசியது இரண்டு வாக்கியம்தான். அதற்குப் பிறகும் எழுந்து, "ஆமாம், எனக்கும் தெரியும்" என்று நான் சொல்லியிருக்கலாம். யாரும் என் தோளைப் பிடித்து அழுத்தவில்லை. எனக்காக வேறொருத்தி அடி வாங்கட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மாமாமார் உன்னை அடிக்க வந்தபோதும் நான் பேசவில்லை. இதை உனக்கு எழுதாமல் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் போக என்னால் முடியாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட மட்டும் ஒருத்தியும் சொல்லலியே" என்றாள். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து வைத்தாள். நேற்றும் அதை மூடவிடவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வா. ஆனால் அறைக்குள் வரக்கூடாது. வெளியே வராந்தாவில் இரு. உள்ளே ஐந்து ஆண்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். "உட்காருங்க டீச்சர்" என்று மரியாதையாகச் சொல்வார்கள். நான் நின்றுகொண்டே பேசப்போகிறேன். எவ்வளவு நேரமானாலும் நீ கதவைத் தட்டாதே. நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக, எல்லாரும் பார்க்கவே, நடந்து வீட்டுக்குப் போவோம்.

அக்கா